கல்கிசையிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள்

வரதராசாவும் அருந்ததியும் வெளிநாடு போகப்போகிறார்கள் என்ற செய்தி கொழும்பில், வெள்ளவத்தை ஒழுங்கையில் பரவியதும், முதலில் கதவைத் தட்டியவர் மேல்மாடிக்காரர். அவர் வாழ்த்துச் சொல்ல வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியை விற்பதாக இருந்தால் வெளியாருக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வந்திருந்தார். அடுத்து வந்த கீழ்மாடி அம்மாள், எந்த ஏஜென்ட், எந்தப் பாதை, கடலா காடா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரப்போகிறோம் என்று வரதராசா சொன்னார்.

"ஓமோம், ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லவேணும்" என்று மெச்சிவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டிலிருந்து வெளிநாடு போனவர் எவரும் திரும்பி வந்ததில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த அந்த இரண்டறை மாடிவீட்டில் வரதராசா கலியாணம் முடித்துக் குடிவந்த வாரமே, கனடா போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மைத்துனர் ஒருவர் முன்னறையில் பாயை விரித்தார். அவர் போனதும் அதே பாயில் இன்னொருவர் படுத்தார். கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்கள், தூதரகத்தில் நேர்முகத்துக்கு வந்தவர்கள், ஏஜென்டின் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் என்று முப்பது வருடமாக அந்தப் பாயின் சூடு ஆறவில்லை. புருசனும் பெண்சாதியும் மட்டுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததாக இருவருக்குமே ஞாபகம் இல்லை.

வரதராசா கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கையெழுத்து ரொட்டர்டாம் வரைக்கும் போயிருக்கிறது. அவர் மட்டும் இந்தத் தீவைத் தாண்டியதில்லை. அருந்ததி ஒரு ஸ்டூடியோவில் விசாப் படம் எடுத்தவர். "சிரிக்காதேங்கோ, காது ரெண்டும் தெரியவேணும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையை அனுப்பிவைத்தவர். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வழியனுப்ப வருபவர்கள் நிற்கும் இடத்தில் எந்தத் தூணோரம் காற்று வரும் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது.

கடைசியாக வந்து தங்கிய மருமகனும் மெல்பேணுக்குப் போய் முன்னறை காலியான அன்று, அருந்ததி பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி, "இஞ்சேருங்கோ, நாங்களும் ஒருக்கா எங்கயாவது போய்வருவம்" என்றார். வரதராசாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று கொஞ்ச நேரம் சந்தேகமாக இருந்தது. சரிதான் என்று தெரிந்ததும் எழுந்துபோய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார்.

போவது என்று தீர்மானித்த பிறகுதான் எங்கே தொடங்குவது என்ற சிக்கல் எழுந்தது. கனடாவில் வரதராசாவின் அக்கா. லண்டனில் அருந்ததியின் தம்பிமார். பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், எங்கும் அந்தப் பாயில் படுத்தவர்கள். ஒருவரிடம் முதலில் போனால் மற்றவர்கள் சாகும்வரை கதைக்க மாட்டார்கள். போனாலும் உல்லாசம் இராது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளின் நடனப் பள்ளி ஆண்டுவிழாக் காணொளி பார்க்க வேண்டியிருக்கும். வரதராசாவுக்குச் சிங்கப்பூரில் ஓர் ஆசை இருந்தது. அங்கே அருந்ததியின் தாய்வழியினர் மூன்று தலைமுறையாக இருந்தார்கள். சென்னை என்றால் பாதி யாழ்ப்பாணம். அருந்ததி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பனி தெரிய வேண்டும், சொந்தக்காரர் ஒருவரும் தெரியக் கூடாது.

அப்படி ஒரு நாடு பூமியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க, இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். ஜம்பட்டா வீதியில் சிறிய டிக்கட் கடை வைத்திருந்த பாஹிம்தான் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட அத்தனை பேரையும் ஏற்றிவிட்டவர். அவர் கண்களை மூடி, முப்பது வருட வாடிக்கையாளர்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"உங்கட ஆக்களுக்கு நான் எல்லா ஊருக்கும் டிக்கட் போட்டு ஈக்கிறன், அண்ணே" என்றார். "நேபாளத்துக்கு மட்டும் ஒருத்தருக்கும் போடல்ல."

அருந்ததி அந்த இடத்திலேயே வரதராசாவின் கையைப் பிடித்துவிட்டார். மற்றவர்கள் முன்னால் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பாஹிம் மரியாதையாகக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியவர் திரையில் எதையோ வாசித்து அப்படியே நின்றார். முதல் தடவையாக உல்லாசத்துக்குப் போகும் தம்பதியருக்கு, புதிதாக அமைக்கப்பட்ட ஓர் அதிகாரசபையின் சிபாரிசு இல்லாமல் டிக்கட் அடிக்க முடியாதாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. படிக்கப் போகிறவர்களுக்கும் தேவையில்லை. சந்தோஷமாக இருக்கப் போகிறவர்களுக்கு மட்டும் வேண்டும்.

அதன் முழுப்பெயர் முதல் வெளிநாட்டு உல்லாசப் பயண நெறிப்படுத்தல் அதிகாரசபை. கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகளை இடித்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் முழு மாடி அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளே நுழைந்தவுடன் நீண்ட சுவர் நிறையப் புகைப்படங்கள். அதிகாரிகள் நீரூற்றின் முன், கோபுரத்தின் முன், ஒட்டகத்தின் மேல், பாற்கட்டிக் கடையில் வாயைத் திறந்தபடி. ஒவ்வொரு படத்தின் கீழும் 'கள ஆய்வு' என்று மும்மொழியிலும் எழுதியிருந்தது. வரிசையில் காத்திருந்த தம்பதிகள் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் பல மாதங்களாக வருவதால் எந்த அதிகாரிக்கு எந்த நாட்டில் உடம்பு வைத்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரசபையில் மூன்று பிரிவுகள் இருந்தன: புறப்பாடு, மகிழ்ச்சி, திரும்புகை. வரதராசா தம்பதியர் மகிழ்ச்சிப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் சுதர்சினியிடம் அனுப்பப்பட்டார்கள். அவர் கண்டிப்பானவராகத் தெரியவில்லை. களைத்துப்போனவராகத் தெரிந்தார். லிஸ்பனிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கியதாகவும், அங்கே நான்கு நாட்களும் மழை பெய்ததாகவும் அவரே சொன்னார்.

எதற்காகப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார். சந்தோஷத்துக்கு என்றார் வரதராசா. சுதர்சினி பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, அது அவ்வளவு லேசில்லை" என்றார். "இஞ்ச நீங்கள் சந்தோஷமா இல்லையெண்டால், அங்க போய் நிண்டிடுவீங்கள். இஞ்சயே சந்தோஷமா இருந்தால், போகத் தேவையில்லை. ரெண்டுக்கும் நடுவில ஒரு அளவு இருக்கு. அந்த அளவில இருக்கிற ஆக்களைத்தான் நாங்கள் சிபாரிசு பண்ணலாம்."

அந்த அளவில் யாராவது இதுவரை இருந்தார்களா என்று வரதராசா கேட்டார். அளவைக் கண்டுபிடிக்கத்தான் லிஸ்பனுக்குப் போனதாகச் சுதர்சினி சொன்னார். மழை காரணமாக அளக்க முடியவில்லை.

பிறகு இருவரையும் வெவ்வேறு அறைகளில் இருத்தி ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். மலையைக் கண்டதும் உங்கள் மனைவி முதலில் என்ன சொல்லுவார் என்ற கேள்விக்கு, வரதராசா யோசிக்காமல், கால் நோகிறது என்பார் என்றார். பக்கத்து அறையில் அருந்ததி, கால் நோகிறது என்று சொல்லுவேன் என்றார். காலைச் சாப்பாட்டில் உங்கள் கணவர் எதை எடுப்பார் என்றதற்கு, எதையும் எடுக்க மாட்டார், எல்லாவற்றையும் ஒருமுறை மூடி திறந்து பார்த்துவிட்டுப் வெறும் பாண் துண்டுக்குத்தான் வருவார் என்றார் அருந்ததி. வரதராசாவின் பதிலும் கிட்டத்தட்ட அதுவே. விடைகள் இப்படிப் பொருந்துவது ஐயத்துக்குரியது, முன்கூட்டியே பேசி வைத்ததுபோல இருக்கிறது என்று சுதர்சினி குறித்துக்கொண்டார். வெளியே காத்திருந்த இன்னொரு தம்பதியின் விடைகள் ஒன்றும் பொருந்தவில்லை. அவர்கள் உண்மையில் தம்பதியா என்ற விசாரணை அந்த வாரமே தொடங்கியது.

அதன்பிறகு பயிற்சி வகுப்புகள். காகிதத்தில் செய்த கோபுரம் ஒன்றின் முன் நின்று, அதைத் தாங்கிப் பிடிப்பதுபோலப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வெற்றுத் தட்டுகளை ஏந்திக்கொண்டு, வெற்று மேசையைச் சுற்றி வந்து, ஹோட்டலில் காலைச் சாப்பாடு எடுக்கும் முறையைப் பழக்கினார்கள். மேசை வெறுமையாக இருப்பது ஏன் என்று ஒருவர் கேட்டார். உணவுக்கான ஒதுக்கீடு பயிற்றுநர்களின் வெளிநாட்டுப் பயிற்சிக்கு மாற்றப்பட்டதாக விளக்கம் தரப்பட்டது. வரதராசா இல்லாத முட்டையை இரண்டு தரம் எடுத்ததற்காகக் கண்டிக்கப்பட்டார்.

பனி தெரியும் நாட்டைக் கேட்டிருந்தபடியால் அவர்களுக்குக் குளிர் தாங்கும் பரிசோதனையும் விதிக்கப்பட்டது. அதிகாரசபையிடம் குளிரறை இல்லை. ஆகவே முகத்துவாரத்தில் மீன் உறைவிக்கும் இடம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். ஒரு காலை, இரவல் வாங்கிய ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே போக, கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது.

அறுக்குளா மீன்கள் பக்கத்துக்குப் பக்கம் அடுக்கப்பட்டு, கண்கள் வெள்ளையாகி, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் இருவரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கவனித்து மதிப்பிட வந்த அலுவலர் குளிர் தாங்காமல் வெளியே போய்விட்டிருந்தார். அருந்ததியின் பல்லு அடிக்கத் தொடங்கியது. வரதராசா தன் சால்வையை எடுத்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினார். அவருக்கு இப்படியெல்லாம் கட்டத் தெரியாது. கட்டி முடித்தபோது அருந்ததி பல்வலிக்காரரைப்போல இருந்தார்.

"இதுதான் எங்கட தேனிலவோ" என்று அருந்ததி கேட்டார்.

வரதராசா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் ஒருவரும் இல்லைத்தானே என்றார். அதற்கு அருந்ததி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்து புகை வந்தது. அவர் அதைக் கண்டு இன்னும் சிரித்தார். இருவரும் மாறி மாறி ஊதி, யாருடைய புகை தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அலுவலர் நேரம் முடிந்துவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று அருந்ததி கேட்டார். அப்படிக் கேட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை. சித்தியடைந்தார்களா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் அந்த விடயம் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது.

மேலிடம் என்பது பணிப்பாளர் நாயகம் நாகமணி. அவர் நாட்டில் இருந்த ஒரு பிற்பகலில் எல்லாத் தம்பதியரையும் மண்டபத்துக்கு அழைத்து உரையாற்றினார். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். அவர் கையில் குறிப்பு எதுவும் இல்லை, மனதிலிருந்து பேசினார்.

"எமது மக்களுக்கு வெளிநாட்டை அனுபவிக்கத் தெரியாது" என்று தொடங்கினார். "இதை நான் வியன்னாவில் இருந்தபோது உணர்ந்தேன். ஜெனீவாவில் இருந்தபோது உறுதிப்படுத்திக்கொண்டேன். ஐயம் எதுவும் எஞ்சிவிடக் கூடாது என்பதற்காகப் பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு சென்று மீளாய்வு செய்தேன். முன்பின் அறியாத ஊர்களில் நீங்கள் அல்லற்படக் கூடாது. அந்த அல்லலை உங்களுக்காக நாங்கள் படுகிறோம். எமது அதிகாரிகள் சிலர் இந்த நிமிடத்திலும் அதைப் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தில் பட்டுக்கொண்டிருக்கும்போது காலை முறித்துக்கொண்டார்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்தச் சபை இதுவரை எத்தனை தம்பதியரை அனுப்பியிருக்கிறது என்று பணிவாகக் கேட்டார்.

"அவசரப்பட்டு ஒருவரையும் அனுப்பிவிடவில்லை" என்றார் நாகமணி. "அதுதான் எமது சாதனை."

அதே மேடையில் அவர் புதிய திட்டமொன்றை அறிவித்தார். முதற்பயணத்தில் தவறுகள் நடப்பது இயற்கை. அந்தத் தவறுகள் பிறநாட்டில் நடந்தால் நாட்டுக்கு அவமானம். ஆகவே முதல் வெளிநாட்டுப் பயணம் இனி உள்நாட்டில் நடைபெறும். இதற்காகக் கல்கிசைக் கடற்கரை, நிர்வாகத் தேவைகளுக்காக, வெளிநாடு என்று கருதப்படும். மீன் அறையில் இன்னும் இருக்கலாமா என்று கேட்ட தம்பதியரே இத்திட்டத்துக்குப் பொருத்தமானவர்கள். வரதராசா, அருந்ததி: ஆரம்ப நாடு, கல்கிசை.

கைதட்டல் கேட்டது. வரதராசா எழுந்து நின்று, ஐயா, அது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தூரம்தானே என்றார். தூரத்தை வைத்து வெளிநாட்டைத் தீர்மானிக்கும் காலம் மலையேறிவிட்டது என்று நாகமணி அன்போடு சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வரதராசா இரண்டடி முன்னால் விறுவிறென்று நடந்தார். அவமானமாக இருந்தது. முப்பது வருடம் ஊரையே அனுப்பியவருக்கு அரசாங்கம் கொடுத்த வெளிநாடு கல்கிசை. கடலோரத் தண்டவாளத்தருகே வந்ததும் அருந்ததிதான் நின்றார்.

"ஏனப்பா யோசிக்கிறீங்கள்" என்றார். "கல்கிசையில நீங்களும் நானும் ஒரு இரவெண்டாலும் தங்கியிருக்கிறமோ? போவம்."

குறித்த நாளில் இருவரும் பெரிய சூட்கேசை இழுத்துக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். அவர்கள் புறப்படும்போதே சூட்கேசைக் கண்ட மேல்மாடிக்காரர் யன்னலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயில் தெஹிவளையைத் தாண்டியது. கல்கிசை மேடையில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு அதிகாரசபையின் அலுவலர் ரிம்ஸான் உட்கார்ந்திருந்தார். கூச்ச சுபாவமுள்ளவர். கடவுச்சீட்டுகளை வாங்கி, முகங்களை ஒப்பிட்டு, வந்த நோக்கம் என்னவென்று கேட்டு, முத்திரை குத்தினார். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளைக்கும் விசா. பின்னால் நின்ற அலுவலகப் பயணிகள் இதென்ன புதுச் சோதனை என்று முறுமுறுத்துக்கொண்டு தங்கள் அடையாள அட்டைகளையும் எடுத்து நீட்டினார்கள். ரிம்ஸான் மறுக்கத் தெரியாமல் அவற்றையும் பார்த்து அனுப்பினார்.

உறவினர்களுக்கெல்லாம் வெளிநாட்டில் நிற்கிறோம், தொலைபேசி வேலை செய்யாது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அது பொய்யல்ல, அதிகாரசபையின் கடிதத்தலைப்பில் அப்படித்தான் இருந்தது. கைத்தொலைபேசி இரண்டையும் நிறுத்தி சூட்கேசுக்குள் போட்டபோது, சிறிய விடுதி அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அதே கடல்தான். வெள்ளவத்தையில் யன்னலைத் திறந்தால் தெரியும் அதே கடல். ஆனால் அங்கே அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது இருக்கும், அல்லது முன்னறையில் யாராவது தேத்தண்ணி கேட்பார்கள். இங்கே அருந்ததி வெயில் ஏறும்வரை தூங்கினார். அவர் அப்படித் தூங்குவார் என்று வரதராசாவுக்குத் தெரியாது. மனைவி தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் இருந்தார். பின்னேரம் இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். முழங்காலளவில் நின்ற அருந்ததியை அலை ஒன்று வந்து விழுத்தியது. எழுந்தபோது தலைமயிரெல்லாம் மணல். கோபிப்பார் என்று வரதராசா பயந்தார். அவரோ அடுத்த அலைக்கு ஆயத்தமாக உடுப்பைச் செருகிக்கொண்டு நின்றார். கரையில் கால்நீட்டி இருந்து இறால் வடை தின்றபடி, கலியாணத்தன்று தனக்குப் பசி மயக்கம் வந்ததையும் அதை ஒருவரிடமும் சொல்லாததையும் முதல் தடவையாகச் சொன்னார். தனக்கும் அப்படித்தான் என்றார் வரதராசா.

விசா முடியும் நாளின் காலை சூட்கேசை அடுக்கினார்கள். அடுக்கி முடிந்ததும் அருந்ததி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு நாள் நிப்பமே."

வரதராசா தன் சேவைக் காலத்தில் ஒரு கப்பலைக்கூடத் தாமதிக்க விட்டவரல்ல. விசா முடிகிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயால், முடியட்டும் என்றார்.

மறுநாள் மத்தியானம், கடற்கரை மணலில் சப்பாத்தோடு தட்டுத்தடுமாறி ரிம்ஸான் வந்து சேர்ந்தார். இருவரும் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகவும் நாடு கடத்தப்படுவதாகவும் ஆங்கிலத்தில் வாசித்தார். வாசிக்கும்போது அவருக்கே வியர்த்தது. இது தன்னுடைய முதல் நாடு கடத்தல் என்றார். அருந்ததி அவரை இருத்தி ஒரு வடை கொடுத்தார். தின்று முடித்த பிறகு கையைப் பின்னால் கட்ட வேண்டுமா என்று வரதராசா கேட்டார். ஒழுங்குவிதியில் அதுபற்றி ஒன்றும் இல்லை, சூட்கேசைத் தூக்குவதற்கும் கை வேண்டும்தானே என்றார் ரிம்ஸான்.

அதிகாரசபையின் வாகனம் பணிப்பாளர் நாயகத்தை விமான நிலையத்தில் விடப் போயிருந்தது. ஆகவே காலி வீதிக்கு வந்து பஸ் ஏறினார்கள். நடத்துநர் டிக்கட் கேட்டபோது, இவர்கள் அரச செலவில் போகிறவர்கள், நாடு கடத்தப்படுகிறார்கள் என்று ரிம்ஸான் சிங்களத்தில் விளக்கினார். எந்த நாட்டிலிருந்து என்று நடத்துநர் கேட்டார். கல்கிசை என்றார் ரிம்ஸான். நடத்துநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, காலம் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி முன்னால் போய்விட்டார்.

ஆனால் நாடு கடத்தல் என்ற சொல் பஸ் முழுவதும் பரவிவிட்டது. உடனே இருவர் எழுந்து இடம் கொடுத்தார்கள். முன் ஆசனத்திலிருந்த சிங்களப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். தன்னுடைய மகனையும் இத்தாலியிலிருந்து இப்படித்தான் அனுப்பினார்கள், ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை நோனா என்று அருந்ததியிடம் சொன்னார். தன் பையிலிருந்த அவித்த கடலையில் பாதியை அவர் மடியில் கொட்டினார். அருந்ததிக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்புப் போய்விட்டது. மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பாணந்துறையில் கடை வைத்து நன்றாக இருக்கிறான் என்றார் அந்தப் பெண்மணி. வெள்ளவத்தை வரும்வரை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள்.

நாகமணி நாடு திரும்பியதும் விசாரணை வைத்தார். சுதர்சினி ஒரு பக்கம், ரிம்ஸான் மறு பக்கம். குற்றத்தின் கனத்தை உணர்த்துவதற்காக நாகமணி நின்றுகொண்டே பேசினார். உள்நாட்டில் தாமதித்திருந்தால் மன்னித்திருப்பாராம். ஆனால் நடந்த இடம் எது? வெளிநாடு. அந்நிய மண்ணில் இந்நாட்டின் பெயர் கெட்டுவிட்டது.

அருந்ததி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்பினார்.

"அப்ப நாங்கள் மெய்யாவே வெளிநாடு போய்வந்திட்டம், என்ன ஐயா?"

"அதில் என்ன சந்தேகம்" என்றார் நாகமணி. "சென்றீர்கள், தங்கினீர்கள், நாடு கடத்தப்பட்டீர்கள். இதைவிட முழுமையான வெளிநாட்டுப் பயணம் ஏது? உங்கள் கடவுச்சீட்டில் எமது முத்திரை இருக்கிறது. அதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிப்பேன். புதுக்கடை நீதிமன்றத்துக்குக்கூடப் போகத் தயார்."

"அப்ப இனிப் போனால் அது எங்கட ரெண்டாவது பயணம்" என்றார் அருந்ததி.

சுதர்சினி பணிப்பாளர் நாயகத்தைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, இரண்டாவது பயணம் எங்கட விடயமில்லை சேர் என்றார்.

நாகமணி உட்கார்ந்தார். கல்கிசை வெளிநாடல்ல என்று சொன்னால் தன் திட்டம் போய்விடும். வெளிநாடு என்று சொன்னால் இந்த இருவரும் போய்விடுவார்கள். அவர் முகத்தில் இரண்டும் மாறி மாறி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இறுதியில் திட்டம் வென்றது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. சபை தொடங்கியதிலிருந்து முதற்பயணத்தை வெற்றிகரமாக முடித்த முதல் தம்பதியர் இவர்கள்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புலப்பட்டது. உடனே எழுந்து இருவருக்கும் கைகொடுத்தார். மாலையும் மேளமுமாக ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்றார். இந்த வெற்றியைப் பற்றித் தான் ரோமில் உரையாற்றப் போவதாகவும் அப்போதே தீர்மானித்தார்.

விழா நாளன்று மண்டபத்தில் கதிரைகள் போடப்பட்டு, மாலைகள் ஈரத்துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. வரதராசாவும் அருந்ததியும் வரவில்லை. பாஹிம் அடித்துக்கொடுத்த டிக்கட்டோடு அவர்கள் அந்த நேரம் வானத்தில் இருந்தார்கள்.

காத்மண்டு விமான நிலையத்தில் வரிசை சிறியதாக இருந்தது. வரதராசா முதல் நாளிலிருந்தே பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தார். திரும்பிப் போவதற்கான காரணங்கள், இருவரின் மகிழ்ச்சி இருக்கும் அளவு, குளிர் தாங்கியதற்கான அத்தாட்சி, எல்லாம் மனப்பாடம். முறை வந்ததும் கண்ணாடிக்கு முன் நிமிர்ந்து நின்றார். அங்கிருந்த அதிகாரி அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்தார், கொட்டாவி விட்டார், முத்திரை குத்தினார், கடவுச்சீட்டைத் தள்ளிவிட்டார். அருந்ததிக்கும் அப்படியே.

வரதராசா நகரவில்லை. அடுத்த கேள்விக்காக நின்றார். அதிகாரி நிமிர்ந்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் திரும்பிப் போய்விடுவோம் என்று வரதராசா உறுதியாகச் சொன்னார். நல்லது, அதற்கு முன் ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றார் அதிகாரி. அவர் பார்வை அடுத்தவரிடம் போய்விட்டது. அருந்ததி கணவரின் ஸ்வெட்டர்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து அவர்களை வெளியே விட்டது. குளிர்ந்த காற்று. வெயில். வீடுகளுக்கு மேலே மலைகள், அவற்றுக்கும் மேலே மேகம் என்று முதலில் நினைத்த இடத்தில் மேகத்தைவிட வெள்ளையாக ஏதோ ஒன்று.

"கால் நோகுதோ" என்று வரதராசா கேட்டார்.

"இல்லை" என்றார் அருந்ததி. பிறகு, "போகலாமாம்" என்றார்.

"எங்க?"

அருந்ததி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "அதைத்தான் முத்திரை குத்தின ஆள் சொல்லேல்லை."

முதலில் சிரித்தவர் வரதராசா. அடுத்து அருந்ததி. சூட்கேசைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணீர் வழிய, நடைபாதை நடுவில் நின்று இருவரும் சிரித்தார்கள். ஆட்களைத் தேடி ஓடிவந்த டாக்சிக்காரர்கள் சுற்றி நின்று, அவர்கள் சிரித்து முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள்.